தண்ணீர் கலந்த பால்

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் ஒருநாள் காலை என் சித்தப்பாவைத் திட்டினார்கள். பால்மானியை விட்டுப் பார்த்த செகரெட்டரி, டிகிரி எங்கோ கீழே கிடப்பதைக் கண்டு, வரிசையில் நின்ற இருபது பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். "ஏப்பா, மாட்டைக் கறந்தியா, போர்த்தண்ணியக் கறந்தியா? இன்னொருக்கா இப்படிக் கொண்டாந்தீன்னா போசியோட கொட்டிப்போடுவேன், பாத்துக்க." சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்த ஆத்தாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்.

ஆத்தா, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், அன்று பகல் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். "அவனையும் திட்டறாங்க சாமி, அவனையும் திட்டறாங்க." கோயமுத்தூரில் வேலையில் இருந்த எனக்கும் போன் வந்தது. ஏதோ புகார் சொல்கிறார் என்று நினைத்து, "நான் வேணா செகரெட்டரிகிட்டப் பேசட்டுங்களா ஆத்தா?" என்றேன். "நீ எதுக்குப் பேசறே? தண்ணி ஊத்துனா திட்டத்தான் செய்வாங்க" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இது நடந்தது 2010இல். அதற்கு முந்தைய பதினாறு வருஷங்களில் சித்தப்பாவை அந்த ஊரில் ஒருத்தரும் எதற்காகவும் திட்டியதில்லை.

அந்தச் சந்தோஷம் எனக்கு உடனே புரிந்துவிடவில்லை. புரிந்துகொள்ளச் சில புத்தகங்களும் நிறைய வருஷங்களும் வேண்டியிருந்தன.

சித்தப்பாவுக்கு நோய் வந்தது 1994இல். கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். வயது இருபத்து நாலு. மிஷின் சத்தத்துக்குள் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் சொன்னார். பிறகு மில் நின்றிருக்கும்போதும் அந்தப் பேச்சு கேட்டது. ஒருநாள் அங்கிருந்து அன்னூர் வரைக்கும் நடந்தே வந்து, எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மனச்சிதைவு என்றார். குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போய் நாற்பத்தெட்டு நாள் தங்கவைத்தார் ஆத்தா. மாத்திரையும் கொடுத்தோம். மாத்திரை போட்டால் கை நடுங்கியது, நடை விறைத்தது. நிறுத்தினால் குரல்கள் திரும்பி வந்தன. இந்த இரண்டுக்கும் நடுவே வருஷங்கள் போயின.

ஊர் அவரைத் துன்புறுத்தியது என்று சொன்னால் அது பொய். கல்லெறிந்தவர் கிடையாது, கேலி செய்த பிள்ளைகளைப் பெரியவர்கள் அதட்டினார்கள். டீக்கடையில் காசு வாங்காமல் டீ கொடுத்தார்கள். 'பாவம்' என்பதுதான் அவரைப் பற்றி ஊர் சொன்ன ஒரே சொல். அவர் கத்தினால் யாரும் திருப்பிக் கத்தவில்லை. கோபித்துக்கொண்டால் யாரும் சமாதானம் பேசவில்லை, ஏனென்றால் அது கோபம் என்றே எடுத்துக்கொள்ளப்படவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற ஒரம்பரைகள் வாசலில் அவரைத் தாண்டி வந்து ஆத்தா கையில் தட்டை நீட்டினார்கள். யாரும் அவரிடம் கடன் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மனுஷன் இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி மொய் நோட்டு. அதில் அவர் பெயர் இல்லாமலேயே போயிற்று.

1999இல் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோபிப் பக்கம். "பொண்ணு வூட்டுல ஒரு மாதிரி" என்கிற பேச்சு கிளம்பிவிட்டால் அவ்வளவுதான், அடுத்தடுத்த கல்யாணங்களும் நின்றுபோகும். இதில் எல்லோருக்கும் பயம், எனக்கும். ஆகவே இரண்டு நாளைக்குச் சித்தப்பா தோட்டத்துச் சாளையில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பூட்டுப் போடும் பொறுப்பு எனக்கு. பதினைந்து வயது. கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றபோது சாவி என் சட்டைப்பையில் இருந்தது. மத்தியானம் பந்திச் சாப்பாட்டைக் கேரியரில் போட்டு எடுத்துப்போனேன். சாப்பிட்டார். "மாப்பிள்ளை எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். "நல்ல ஊருதான், கரும்பு நல்லா வரும்" என்றார். திரும்பப் பூட்டிவிட்டு வந்தேன். அவர் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்திருந்தாலும் அதை நோய்க் கணக்கில்தான் எழுதியிருப்போம்.

பின்னாளில் ஆங்கிலத் தத்துவவாதி பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் எழுதிய 'சுதந்திரமும் மனத்தாங்கலும்' என்ற கட்டுரையைப் படித்தபோது எனக்கு அந்தச் சாளையின் நினைவுதான் வந்தது. ஸ்ட்ராசன் பேச வந்த விஷயம் வேறு: எல்லாம் முன்பே விதிக்கப்பட்டதென்றால் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியுமா என்கிற பழைய சிக்கல். போகிற போக்கில் அவர் காட்டும் ஒரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் பட்டது. சக மனிதர்களிடம் நமக்குக் கோபம், நன்றி, மனத்தாங்கல், மன்னிப்பு எல்லாம் உண்டு. இவை உறவுக்குள் இருக்கிறவர்கள்மேல் வருகிறவை. இன்னொருவகைப் பார்வையும் நம்மிடம் உண்டு. அதில் எதிரே இருப்பவர் கவனமாகக் கையாள வேண்டிய, சமாளிக்க வேண்டிய, சிகிச்சை தரவேண்டிய ஒரு விஷயம். அங்கே பயமோ இரக்கமோ வரலாம், அன்புகூட வரலாம். ஆனால் சண்டை வராது. மனம் பேதலித்தவர்களை நாம் இப்படித்தான் பார்க்கிறோம் என்கிறார் ஸ்ட்ராசன். அவரே சொல்வதுபோல இது முழுக்கத் தவறும் இல்லை. குரல் கேட்டு ஜன்னலை உடைத்தவரிடம் போய் மனத்தாங்கல் கொள்வது மடத்தனம்.

எனக்கு இதில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. குற்றம் சொல்லாமல் விடுவது கருணை. அந்தக் கருணையை ஒரு மனிதர்மேல் பதினாறு வருஷம் இடைவெளியில்லாமல் பொழிந்தால் அவருக்கு என்ன ஆகும்? எங்கள் ஊரில் நடந்தது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அவரை மன்னித்து மன்னித்தே கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

'சமூகம் குணப்படுத்தும்' என்று இந்நாளில் நிறையப் பேசுகிறார்கள். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1960களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கியது. இந்தியாவில் ஆக்ராவில் நடந்தது. சில வருஷங்கள் கழித்துப் பார்த்தால், டென்மார்க்கையும் பிரிட்டனையும்விட இந்தியாவிலும் நைஜீரியாவிலும் நோயாளிகள் நன்றாகத் தேறியிருந்தார்கள். கூட்டுக் குடும்பம், விவசாய வேலை, சொந்தபந்தம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. இதைக் கேட்டு நம்மவர்கள் ரொம்பவே பூரித்துப்போனார்கள். பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் அந்த முடிவைக் கேள்வி கேட்டதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் டாக்டர் வித்யா சாகர் செய்த காரியம் எனக்கு இதைவிடப் பிடித்தது. ஆள் பற்றாக்குறை. நோயாளிகளின் வீட்டாரை வரவழைத்து, மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு அவர்களோடு தங்கவைத்தார். நோய் என்றால் என்ன, எப்போது பேச வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று வீட்டார் அங்கேயே கற்றுக்கொண்டார்கள். பிறகு அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடவே தங்குகிற முறை வந்தது.

முத்துசாமி கோயில் ஆய்வையும் சொல்ல வேண்டும். நம் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள கோயில் அது. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் மற்றவர்களும் 2000ஆம் ஆண்டில் அங்கே வந்து தங்கிய முப்பத்தொரு பேரைக் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பேயோட்டுதல் இல்லை, தனிச்சடங்கு இல்லை. காலையில் சின்னதாக ஒரு பூஜை. மற்ற நேரத்தில் கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட இருபது சதவீதம் குறைந்திருந்தது. முப்பத்தொரு பேரை வைத்து மாத்திரை வேண்டாம் என்று முடிவுகட்டுவது ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஆபத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது. ஊற்றாவிட்டால் செடி வாடும். யாராவது கேட்பார்கள்.

ஆனால் சங்கிலியையும் போட்டது இதே சமூகம்தான். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுவிட்டுப் போனவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. மாதாமாதம் பணம் அனுப்பியவர்கள், வேண்டிக்கொண்டவர்கள். அங்கே கொண்டுபோய் விடச் சொல்லி எங்களுக்கும் யோசனை சொன்ன ஒரம்பரை உண்டு. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது ஆத்தா எழுந்துபோய் டிவியை அணைத்தார். நான் என் பையில் இருந்த சாவியை நினைத்துக்கொண்டேன். எங்கள் சாளைக்கும் ஓலைக் கூரைதான்.

எங்கள் வீட்டில் மாற்றம் 2008இல், ஒரு எக்செல் வண்டியில் வந்தது. ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்த பெண். பக்கத்து ஊர்க்காரிதான், பிளஸ் டூ படித்தவள், சில வாரங்கள் பயிற்சி எடுத்திருந்தாள். மாத்திரைச் சீட்டைக் கேட்பாள் என்று ஆத்தா மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்தாள். "ஏனுங்க ஆத்தா, அண்ணனுக்கு என்ன வேலை தெரியும்?" என்றாள். ஆத்தாவுக்குக் கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை. யாரும் கேட்டிராத கேள்வி. "பால் நல்லாக் கறப்பான் கண்ணு, சின்ன வயசுல" என்றார்.

அடுத்த இரண்டு வருஷங்கள் நடந்ததில் அதிசயம் ஒன்றும் கிடையாது. அவள் மாசத்துக்கு இரண்டு தடவை வந்தாள். டாக்டரிடம் பேசி மாத்திரையை மாற்ற வைத்தாள், நடுக்கம் குறைந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் இதே மாதிரி ஏழெட்டு வீடுகளைக் கண்டுபிடித்து, மாதம் ஒருமுறை அன்னூரில் ஒன்றாக உட்காரவைத்தாள். அந்தக் கூட்டத்தில் ஆத்தா முதல்முதலாக இன்னொரு தாயிடம் "உங்க பையனுக்கும் சத்தம் கேக்குதுங்களா?" என்று கேட்டாராம். வந்து இதை எங்களிடம் சொன்னபோது அவர் முகம் லேசாகியிருந்தது. ஒரு மாட்டைச் சித்தப்பாவின் முழுப் பொறுப்பில் விடச் சொன்னாள். சொசைட்டியில் அவர் பெயரிலேயே அட்டை போடவேண்டும் என்றாள். செகரெட்டரி தயங்கினார். கிறுக்கன் கறந்த பாலை யார் குடிப்பது என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். (எல்லாப் பாலும் ஒரே கேனில்தான் போகிறது. அதற்கு மேல் எது யார் பால் என்று ஆவினுக்கே தெரியாது.) கடைசியில் அட்டை வந்தது. காலை, மாலை, அளவு, டிகிரி, பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. பிறகுதான் அந்தத் தண்ணீர்.

ஏன் ஊற்றினார் என்று நான் பின்னால் கேட்டேன். "எல்லாரும் ஊத்தறாங்க" என்றார். சிரித்தார். அவரை அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. செகரெட்டரி அன்று சத்தம் போட்டபோது அவருக்கு ஸ்ட்ராசனும் தெரியாது, ஒரு வெங்காயமும் தெரியாது. இவன் வேண்டுமென்றே செய்திருக்கிறான், செய்யாமல் இருந்திருக்கவும் முடியும் என்று ஒரு கணம் சித்தப்பாவை நம்பியிருக்கிறார். ஆத்தா சந்தோஷப்பட்டது அந்த நம்பிக்கைக்கு.

இப்படி எழுதிவிட்டு எல்லாம் சுபம் என்று விட எனக்கு மனம் வரவில்லை. 'குடும்பம் பார்த்துக்கொண்டது' என்று எழுதினால், அங்கே உண்மையில் இருப்பது ஒரு பெண். ஆத்தா பதினாறு வருஷம் ஒரு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஆணுக்கு நோய் வந்தால் அம்மாவாவது பெண்டாட்டியாவது பார்க்கிறார்கள். பெண்ணுக்கு வந்தால் பிறந்த வீட்டு வாசலில் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போகிறார்கள். சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனத்தார் இப்படித் திருமணம் முறிந்த பெண்களைப் பற்றித் தனியாகவே ஆய்வு செய்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் திரும்பி வந்தார். அவருக்கு அட்டை போட மாடு இல்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்துகொண்டிருந்த, காலனியைச் சேர்ந்த ஒருவருக்கும் சித்தப்பாவின் காலத்திலேயே இதே நோய் வந்தது. அவருக்குக் காடு இல்லை, கட்டுத்தரை இல்லை, பூட்டி வைக்க ஒரு சாளைகூட இல்லை. அவிநாசி பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நாள் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊர் அவரைத் தேடவில்லை, நானும் தேடவில்லை. 'சமூகம் தாங்கும்' என்று கேட்கும்போதெல்லாம், எந்த ஊரின் எந்தத் தெரு என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான். திட்டம் என்று ஒன்று வெளியிலிருந்து வரவேண்டியிருப்பதற்கான காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். ஊரின் கருணைக்கு ஊரின் எல்லைதான் எல்லை. எக்செல் வண்டிக்குக் காலனிக்குள்ளும் போகத் தெரியும்.

அந்தப் பெண் செய்த மாதிரியான வேலையை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2014இல் லான்செட்டில் வந்த ஆய்வு: காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்கள், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றவர்களுக்கு மருத்துவத்தோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் சேர்த்து. ஒரு வருஷம் கழித்து இரண்டாம் வகையினர் அன்றாடக் காரியங்களில் ஓரளவு மேலாக இருந்தார்கள். ஓரளவுதான். பலன் நன்றாகத் தெரிந்தது நம் காஞ்சிபுரம் கிராமங்களில், மற்ற வசதிகள் குறைவாக இருந்த இடத்தில். இந்த 'ஓரளவு' என்கிற சொல்லை நான் மதிக்கிறேன். சித்தப்பா குணமானார் என்று நான் எங்கும் சொல்வதில்லை. குரல்கள் இன்னும் கேட்கின்றன. "கேக்கும். மாடு கறக்கறப்ப கம்மியாக் கேக்கும்" என்பார்.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. சமூகத்துக்குள் வாழ்வது நோயாளியின் உரிமை என்றும் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஊருக்குள் வாழ உரிமை உண்டு என்று சட்டம் சொல்லலாம், ஊர்க்காரனாக நடத்து என்று எந்தச் சட்டத்தாலும் சொல்ல முடியாது. பெல்ஜியத்தில் கீல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அந்த ஊர்க் குடும்பங்கள் மனநோயாளிகளைத் தங்கள் வீட்டில் தங்கவைத்து, காட்டு வேலையில் சேர்த்துக்கொண்டு வந்திருக்கின்றன. 1930களில் மூவாயிரம் பேருக்கு மேல் அப்படி இருந்தார்கள். விவசாயம் சுருங்கியதும் அந்த எண்ணிக்கையும் சுருங்கிப்போயிற்று. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் சைட் ஆவதுதான் ஞாபகம் வந்தது. வேலை இருந்த இடத்தில்தான் ஆளுக்கு இடம் இருந்தது.

ஆத்தா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி: "எனக்கப்பறம் இவன யாரு பாப்பாங்க?" இந்த நோய் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கும். சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பினர் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள்: மருத்துவமனையிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிட்டவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில், உதவிக்கு ஒரு பணியாளரோடு குடியிருப்பது. அரிசி வாங்குவதும் பக்கத்து வீட்டோடு தண்ணீர்ச் சண்டை போடுவதும் அவர்கள் பாடு. எங்கள் பக்கத்துக்கு அப்படி ஒன்று வரும் வரை காத்திருக்க ஆத்தாவால் முடியவில்லை. 2019இல் இறந்தார். சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். அப்பாவுக்கு இதில் கொஞ்சம் மனக்கஷ்டம், மூத்தவர் அவர் என்பதால். ஆனால் ஆத்தா முன்பே சொல்லிவைத்திருந்தார்.

எக்செல் பெண்ணின் திட்டத்துக்கு அதற்குள் நிதி நின்றுபோயிருந்தது. அவள் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். அன்னூர்க் கூட்டம் கொஞ்ச நாள் தானாக நடந்து, பிறகு நின்றது. சித்தப்பாவுக்கு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது மாடு இரண்டு.

போன மாதம் ஒருநாள் காலை ஏழரை மணிக்கு செகரெட்டரி போன் செய்தார். பழைய செகரெட்டரியின் மகன் அவர். "ஏனுங்க தம்பி, உங்க சித்தப்பா ரெண்டு நாளா சொசைட்டிப் பக்கம் வரலீங்க. மாடு கத்துதுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரங்க சொல்றாங்க. என்னன்னு வந்து பாருங்க." பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. மாத்திரை தீர்ந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. சாளைக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினேன். "இப்ப வேண்டாங் கண்ணு, பொழுதோட வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சரிங்க என்றேன்.

கட்டுத்தரையில் இரண்டு மாடுகளுக்கும் தண்ணி காட்டி, தட்டுப்போர் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து அக்கா காலையில் வந்து கறந்து, பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். திண்ணையில் அட்டை கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். சித்தப்பா பேரிலேயே எழுதியிருந்தார்கள், ஆறு லிட்டர் சில்லறை. டிகிரி சரியாக இருந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.